வட்டக் கோயிலில் படுத்திருப்பவர்கள்

டூட்டிங்கிலிருந்து முதல் ரயிலில் வரும் றஜீனாவுக்கு லண்டன் நடுவிலுள்ள டெம்பிள் கோயிலைக் கூட்டுவது வேலையாகவே தெரிவதில்லை. எண்ணூறு வருடங்களுக்கு முன், சிலுவைப்போருக்குப் போன துறவிகள் எருசலேமில் இயேசுவின் கல்லறைமேல் நிற்கும் கோயிலை நினைத்து வட்டமாகக் கட்டிய கோயில் அது. அந்த வட்டத்துக்குள் மூலையென்று ஒன்றே கிடையாது. மன்னார்ப் பழக்கத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு அவள் கூட்டிக்கொண்டே சுற்றும்போது, கரும்பளிங்குத் தூண்களும் கூடவே மெல்லச் சுற்றுவதுபோல இருக்கும்.

நிலத்தில், கல்லில் செதுக்கிய ஆளுயர மனிதர்கள் கண் திறந்தபடி மல்லாந்து கிடப்பார்கள். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சொரூபத்தை முத்தி செய்வதைப்போல, ஒவ்வொருவரின் காலையும் தொட்டு விரலை முத்தமிடுவாள்.

கூட வேலைசெய்யும் கிருசாந்தன் ஒருநாள் அதைக் கண்டுவிட்டான்.

"அக்கா, இவை புனிதர்கள் இல்லை. சண்டை பிடிச்ச ஆக்கள். வாளைப் பாருங்கோ."

"எங்கட ஊர்க் கோயில் சந்தியோகுமையோரும் புனிதர்தான், அவரும் வாள் வைச்சிருக்கிறார்தானே. அதுதான் நான் அப்பிடி நினைச்சன்."

அவன் சிரித்துக்கொண்டே வாளியை எடுத்துப் போனான். றஜீனா நின்ற இடத்திலேயே நின்றாள். மேல் சாளரங்களின் வெளிச்சம் புகைபோல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கூரை எரிந்தபோது முகம் சிதைந்துபோன கல்மனிதன் ஒருவன் அவள் காலடியில் கிடந்தான்.

சண்டைக்குப் போன அவளுடைய தம்பி எங்கே கிடக்கிறான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று அவள் முத்தி செய்யவில்லை. பக்கத்தில் சம்மணமிட்டு இருந்து, சுத்தமான துணியொன்றை எடுத்து, அவனுடைய முகத்தை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.