வட்டியில்லாத நாட்கள்

போடியில் நான் கடை வைத்திருக்கிறேன். சாக்கு, கயிறு, தார்ப்பாய், மழைக்கோட்டு. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்கள். வாங்குகிற அன்று யாரும் காசு தருவதில்லை. காயைப் பறித்து, உலர்த்தி, ஏலத்தில் போட்டுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் என் ஞாபகம் வரும். அப்போதும் முழுசாகத் தரமாட்டார்கள். "அண்ணே, இத வரவு வைங்க. மிச்சத்த அடுத்த காய் போட்டதும் தர்றேன்" என்று ஒரு தொகையை நீட்டிவிட்டுப் போடிமெட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். அப்படி ஏதோ ஒன்றைத் தந்தவனிடம் மிச்சத்துக்கு வட்டி கேட்பது எங்கள் கடைத்தெருவில் கேவலம். இந்தப் பழக்கத்திலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

அதே புத்தியோடு கிரெடிட் கார்டிலும் கைவைத்தேன்.

மனைவி இறந்தபின் வீட்டில் நான் மட்டும். மகன் புனேயில் வேலை பார்க்கிறான். போன வருஷம் மே மாதம் குடும்பத்தோடு வந்தவன், லீவு பாதி இருக்கும்போதே கிளம்பிவிட்டான். பேத்திக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மலையடிவாரம் என்று பெயர்தான், சித்திரை வெயிலில் எங்கள் வீடு அடுப்பு மாதிரி கொதிக்கும். அவளுக்காக வாங்கி வைத்திருந்த மாம்பழங்களை நான் ஒருவனே தின்று தீர்த்தேன். அத்தனை இனிப்பான பழம், எனக்குக் கசந்தது.

அடுத்த மே மாதம் பிள்ளை அழக்கூடாது என்று தீபாவளித் தள்ளுபடியில் ஏசி வாங்கினேன். வங்கியில் கொடுத்த புதுக் கார்டைத் தேய்த்தேன். "ஒன்றரை மாசம் வரைக்கும் வட்டியே கெடையாது சார்" என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

பில் வந்தது. முழுத்தொகை ஒன்று, அதன் கீழே கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை ஒன்று. அந்த வருஷம் மழையில் காய் அழுகி, மலையிலிருந்து எனக்கு வரவேண்டியது வரவில்லை. அதனால் அந்தக் குறைந்தபட்சத்தைக் கட்டினேன். அதற்கு மேலேயும் கொஞ்சம் போட்டுத்தான் கட்டினேன். கேட்டதற்கு மேல் தருகிற மனுஷன் என்று வங்கியில் யாராவது மெச்சுவார்கள் என்ற நினைப்பு வேறு! மாதாமாதம் இப்படியே. இடையில் மளிகை, மாத்திரை எல்லாம் அதே கார்டில்.

பாக்கி மட்டும் இறங்கவே இல்லை. மனைவி இருந்திருந்தால் முதல் மாதமே, "என்னங்க, கட்டக் கட்ட ஏறுது?" என்று கேட்டிருப்பாள். மெஸ் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் யாரிடம் பில்லைக் காட்டுவது? பங்குனி வரைக்கும் பொறுத்துவிட்டு மகனுக்குப் போன் செய்தேன். பில்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டு அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"அப்பா, குறிச்ச தேதிக்குள்ள முழுசாக் கட்டுனாத்தான் அந்த வட்டியில்லாத நாளெல்லாம். கொஞ்சம் பாக்கி வச்சாலும் வாங்குன அன்னைக்கிருந்தே வட்டி போட்ருவாங்க."

"அதான் மாசாமாசம் வரவு வச்சிருக்கேன்ல?"

"அது அபராதம் போடாம இருக்கத்தான்ப்பா. மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். பழைய பாக்கி தீர்ற வரைக்கும் புதுசா வாங்குன அரிசி பருப்புக்கும் அன்னைக்கே வட்டி."

மாதம் மூன்றரை வட்டிக்கு மேல் என்றான். எங்கள் ஊரில் மூன்று வட்டிக்கு விடுகிறவன் வீட்டில் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். எனக்கு வங்கிமேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். மலைப்பாக்கி வந்ததும் அடைத்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுவாரம் கடையில் இருக்கும்போது கார்டுக்குப் பணம் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. முழுத்தொகையும். கொஞ்ச நேரத்தில் மகனே கூப்பிட்டான்.

"கட்டிட்டேன்ப்பா. இனிமே கார்டத் தொடாதீங்க."

"ஒனக்கு எதுக்குடா செலவு? அவ்வளவு காசு ஏது?"

"லீவுக்கு ஊருக்கு வர்றதுக்கு டிக்கெட் போட வச்சிருந்ததுதான். இந்த வருஷம் வேணாம்ப்பா, அடுத்த வருஷம் வர்றோம்."

"சரிப்பா" என்றேன். என் கஷ்டத்தைத் தீர்த்துவிட்ட நிம்மதி அவன் குரலில் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆயுசு முழுக்க அந்த வட்டியைக் கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன். அவர்கள் வந்திருந்தால் போதும்.