தம்பி பெயரில் எரிந்த பச்சைப் புள்ளி

விபத்தில் இறந்த என் தம்பிக்கு அரியலூரில் கருமாதி முடித்துவிட்டு, வேப்பந்தட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தேன். கேமில் தம்பி பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவன் இப்போது விளையாடிக்கொண்டிருக்கிறானாம்! நானும் அவனும் தினமும் போனில் சேர்ந்து விளையாடியவர்கள்.

பிறகுதான் புரிந்தது. நண்பர்களுக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று சித்தப்பா மகன் கேட்டபோது, தம்பியின் போனைத் திறந்து கொடுத்தவளே நான்தான். அவனோ கேம் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, தம்பி ஆசை ஆசையாய் வாங்கிச் சேர்த்த அத்தனை கேம்களையும் வளைத்துப்போட்டுவிட்டான்.

கூப்பிட்டுக் கேட்டேன். "பங்காளி நான்தானேக்கா? கட்டிக்குடுத்த பொண்ணுக்கு இதுல என்ன இருக்கு?" என்றான்.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கேம் கம்பெனிக்கு அனுப்பினேன். இறந்தவர் கணக்கை யாருக்கும் மாற்றித் தரமாட்டோம், மூடிவிடுகிறோம் என்று பதில் வந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். நானும் தம்பியும் சேர்ந்து வளர்த்த விளையாட்டுப் பண்ணையும் அதோடு போனது.

"எல்லாம் போச்சுக்கா! உனக்கு மட்டும் என்ன கெடைச்சுது?" என்று கத்தினான்.

"உனக்குக் கெடைக்கலல்ல, அது போதும்டா" என்றேன்.

இப்போது துக்க வீட்டில் யார் கேட்டாலும் போனைக் கொடுப்பதில்லை. என் பாஸ்வேர்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கணவரிடம் கொடுத்திருக்கிறேன்.

புதுக் கணக்கிலிருந்து சேர்ந்து விளையாட அழைத்திருக்கிறான், சித்தப்பா மகன். அந்த அழைப்பை நான் ஏற்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. காத்துக் கிடக்கட்டும்.