புது மினிஸ்டர் கதிரையில குந்தட்டும்

பிரித்தானிய உள்துறை அமைச்சர் பதவி விலகிய செய்தியை கல்பிட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குள் முதலில் கொண்டுவந்தவன் நான்தான். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமை வேறு. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, சந்தித் தேத்தண்ணிக் கடை வாசலில் ஓட்டோவை நிறுத்திய கையோடு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஆள் போய்ட்டான்! லண்டன் மினிஸ்டர் கவுந்துட்டான்!"

"ஆரு கவுத்த?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒருத்தரும் கவுக்கல்ல. நான் பிழை செஞ்சிட்டேன்னு கடிதம் எழுதி வெச்சிட்டுத் தானாவே போய்ட்டானாம்."

"தானாவா?" கடைக்காரருக்கு ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி கையில் ஊற்றுப்பட்டுவிட்டது. "அட அல்லாஹ்வே! நம்ம நாட்டு மினிஸ்டர்மார கதிரையோட தூக்கிக் கடல்ல போட்டாலும் கதிரைய உட மாட்டானுகளே!"

கடை முழுக்கச் சிரிப்பு. பிறகு எல்லோரும் அந்தப் பிழையை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தோம். ஏதோ ஒரு விதியை மீறிவிட்டாராம். களவில்லை, கொலையில்லை. இதற்குப் போய் யாராவது பதவியை விடுவானா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். எல்லோரையும் விட உரக்கச் சொன்னவன் நான். "வாயப் பொத்திக்கிட்டு இருந்தா ஆருக்குத் தெரியப் போவுது? சரியான பைத்தியக்காரன்!"

இந்தக் குதியாட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. என் தங்கச்சி மாப்பிள்ளை அப்போது லண்டனில் இருந்தார். வயதாளிகளைப் பார்க்கிற இல்லமொன்றில் வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, வாயில் சோறு தீத்துவது. தன் வீட்டில் ஒரு கோப்பை கழுவியறியாத மனிசன், அங்கே அதைச் சந்தோசமாகச் செய்துகொண்டிருந்தார். விசாவை நீடிக்கக் கேட்டிருந்தார், அந்த மினிஸ்டரின் கந்தோரிலிருந்துதான் முடியாதென்று கடிதம் வந்துவிட்டது. வக்கீலோ பயப்பட ஒன்றுமில்லை என்றிருந்தார். கொடுத்த பத்திரங்களில் ஒரு பக்கத்தைக் கந்தோர்க்காரர் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள், பதினான்கு நாளுக்குள் மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினால் திருத்திவிடுவார்கள் என்றார். மினிஸ்டர் விலகிய அன்று ஒன்பது நாள் போயிருந்தது.

நாங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பொழுதுபட மஃரிப் தொழுதுவிட்டு வருவதற்குள் புது மினிஸ்டரின் பெயரும் வந்துவிட்டது. கடையில் போன் கை மாறிக் கை மாறிப் போனது. "முகத்துல ஒரு இரக்கம் இரிக்கு" என்றார் கடைக்காரர். இல்லை, பழையதை விட இது கடும் சாமான் என்றார் இன்னொருவர். நான் இரக்கத்தின் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

அந்த நேரம்தான் லண்டனிலிருந்து மச்சான் போன் எடுத்தார். வேலை இடைவேளையாம். குரல் அவசரத்தில் இருந்தது.

"மச்சான், வக்கீல் நாளைக்கே எழுதிப் போடுவமான்னு கேக்கிறார். என்ன செய்ற?"

என்னிடம் ஏன் கேட்டார்? எங்கள் குடும்பத்தில் அரசாங்க விசயமென்றால் நான்தான் பெரிய ஆள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பிழையென்றாலும் சரி, காணி உறுதி என்றாலும் சரி, "நானாட்ட கேளுங்க" என்று அண்ணனான என்னைக் காட்டுவாள் தங்கச்சி. புத்தளத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருபத்தாறு வருசம் பியோனாக இருந்துவிட்டுத்தான் பென்சன் எடுத்து ஓட்டோ ஓட்ட வந்தேன். அந்த வேலை கிடைத்த கதையை எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையும் சொல்லும். நியமனக் கடிதம் கைக்கு வந்து மூன்றாம் நாள் மினிஸ்டர் மாறினார். பழையவர் கையெழுத்து வைத்த பட்டியல் முழுவதும் குப்பைக்குப் போனது. பட்டியலில் என்னோடு இருந்த ஒருவர் பதறியடித்துக்கொண்டு அடுத்த நாளே கந்தோருக்கு ஓடினார். பழையவரின் ஆள் என்று பெயர் விழுந்து, அவருக்குக் கடைசிவரை வேலை கிடைக்கவில்லை. நான் பொறுத்தேன். புதியவர் வந்து இருந்து, தன் ஆட்களைப் போட்டு முடித்த பிறகு, அவருடைய கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து, புதுக் கடிதத்தோடு போய் அதே வேலையை எடுத்தேன்.

அந்தப் பாடத்தை அப்படியே லண்டனுக்கு அனுப்பினேன்.

"இப்ப போடாதீங்க மச்சான். பழைய ஆக்கள் இன்னும் கந்தோர்ல இரிப்பானுகள். இப்ப போட்டா பைல் நேரா குப்பைக்குத்தான். புது மினிஸ்டர் கதிரையில குந்தட்டும். ஒரு பத்து நாள் பொறுங்க."

"இன்னம் அஞ்சு நாள்தானே இரிக்கு."

"அந்தத் திகதிய போட்ட ஆரு? பழைய மினிஸ்டர்ட கந்தோர். ஆளே இல்ல, ஆள்ட திகதி எங்க மிஞ்சப் போவுது?"

அவர் கொஞ்சம் இழுத்தார். "இங்க அப்படி இல்லையாம். வக்கீல்..."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "லண்டனுக்குப் போனதும் பெரிய ஆளாகிட்டீங்களோ? இருபத்தாறு வருசம் கந்தோர்ல கெடந்தவன் நான். வக்கீல் காசுக்குச் சொல்றான், நான் தங்கச்சிக்காகச் சொல்றேன்."

"சரி மச்சான்" என்றார்.

அந்த "சரி" இன்றும் என் காதில் கிடக்கிறது. அது ஒப்புக்கொண்ட சரியில்லை, மூத்தவனை எதிர்த்துப் பேசக் கூடாதென்று சொன்ன சரி. அப்போதே எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை தங்கச்சி பாற்சோறு ஆக்கி, இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். ஊரில் மினிஸ்டர் மாறினால் அதுதானே வழமை. நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. புருசனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று மட்டும் நினைத்தாள். எனக்கு உறைப்பான கட்டிச் சம்பல் கூடுதலாக வைத்துத் தந்தாள். ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

மினிஸ்டர் மாறி எட்டாம் நாள் கல்பிட்டியிலிருந்து ஆலங்குடாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை ஏற்றிக்கொண்டு போனேன். பட்டம் கட்டிக் கடலில் பலகை மேல் ஓடுகிற கூட்டம். இங்கிலாந்து என்றார்கள். விடுவேனா? என் உடைந்த இங்கிலிசில் மினிஸ்டர் கதையை எடுத்தேன். அந்த மனிசன் சிரித்துக்கொண்டு, கழிந்த வருசங்களை விட மாறின மினிஸ்டர்கள்தான் எங்களுக்குக் கூட என்றார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன், புது மினிஸ்டர் வந்தால் பழைய கடிதத்துத் திகதியெல்லாம் விழுந்துபோகும்தானே என்று.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் விளங்கியது. "இல்லையே. மினிஸ்டர் போவார், வருவார். கந்தோர் அப்படியே இருக்கும். கடிதத்தில் போட்ட திகதி போட்டதுதான்."

ஓட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். பழுதாகிவிட்டதென்று நினைத்து இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அடுத்தவனைக் கெடுத்துவிட்டேன். அங்கேயே நின்று மச்சானுக்கு எடுத்தேன். "இப்பவே போடச் சொல்லுங்க, இப்பவே!" என்று கத்தினேன். அவர் ஏனென்று கேட்கவில்லை.

வக்கீல் போட்டார். நாள் கடந்துவிட்டதென்று அதைக் கையிலெடுக்கவே இல்லையாம். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்க்கவுமில்லை.

இரண்டு மாதத்தில் மச்சான் வந்து சேர்ந்தார். வேன் ஒன்றைப் பேசி, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். ஆள் பாதியாகிப் போயிருந்தார். சிலாபம் தாண்டும் வரை இரண்டு பேரும் வெயிலைப் பற்றித்தான் கதைத்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று எத்தனையோ தரம் வாயைத் திறந்தேன். நான் திறப்பதைப் பார்த்துவிட்டு அவரே தொடங்கினார்.

"மச்சான், நான் திகதிய மறந்துட்டேன்னுதான் உங்கட தங்கச்சிட்ட சொல்லி இரிக்கேன். நீங்க ஒண்டும் சொல்லப் போவாதீங்க. அவக்கு நீங்க வாப்பா மாதிரி."

இல்லை மச்சான், நான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். முந்தல் கடந்து, மதுரங்குளி கடந்து, பாலாவிச் சந்தியில் திரும்பும் வரை எனக்கு நேரமிருந்தது. "ஓம்" என்று மட்டும்தான் சொன்னேன். அந்த "ஓம்" வந்தபோது நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்ததே, அதற்காகத்தான் இன்றும் எனக்கு என் மேலேயே வெறுப்பு.

வீட்டில் தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் சோறு வைத்தாள். ஆசையாகத்தான் பரிமாறத் தொடங்கினாள். நண்டுக் கறியை எடுத்து வைக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. புருசனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு திகதிய ஞாபகம் வெச்சிக்க ஏலாமப் போச்சா உங்களுக்கு? ஏலாட்டி நானாட்ட ஒரு சொல்லுக் கேட்டீந்தா என்ன? நானா சொல்லி இரிப்பாரே!"

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போன அந்த மினிஸ்டரை நான் பைத்தியக்காரன் என்று கத்தியது ஞாபகம் வந்தது. இப்போதாவது சொல் என்று மனசு உதைத்தது.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய நண்டுக் காலாகப் பார்த்து எடுத்து என் பீங்கானில் வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க நானா."

நான் சாப்பிட்டேன்.