பால் சுறாவும் சமூக விதிகளும்

சென்ற செவ்வாய்க்கிழமை தேன்மொழி அக்காவின் மீன் கடையை ஓர் இயந்திரம் மூடிவிட்டது.

கடை என்றால் கட்டடம் இல்லை, கைப்பேசிதான். அக்கா எர்ணாவூர்க் குப்பத்துக்காரர். விடியுமுன் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, அங்கேயே படம் பிடித்து ஒரு ஆப்பில் போடுவார். எட்டு மணிக்குள் திருவொற்றியூர் வீடுகளுக்கு மீன் வந்துவிடும். என் வீடும் அதில் ஒன்று.

அன்று போட்டது பால் சுறா. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குப் புட்டு செய்யக் கேட்டிருந்தார்கள். தலை தனி, உடல் தனி, இடையே சொட்டும் ரத்தம்... மீன் புதியது என்பதற்கு அக்கா காட்டிய சான்று அது. ஆப்பில் வரும் படங்களைச் சோதிக்கும் இயந்திரம் அதை வேறு ஏதோ குற்றத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டது போலும். கணக்கு முடங்கியது. யார் வீட்டுக்கு என்ன மீன் என்ற விவரம் முழுவதும் அதற்குள்தான்.

கூடையோடு என் வீட்டுக்கு வந்து கைப்பேசியை நீட்டினார். "எங்கள் சமூக விதிகளை மீறிவிட்டீர்கள்" என்று இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"இன்னா நைனா, அந்த சமூகத்துல நானும் ஒரு ஆளா? எப்ப கூட்டம் போட்டானுங்க?"

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். காரணமாக மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: என் கணக்கு திருடப்பட்டது, அதைப் பதிவிட்டது நான் இல்லை, இனி அவ்வாறு செய்ய மாட்டேன். 'அது சமைக்கிற மீன்' என்று சொல்ல இடமில்லை. பரிசீலனைக்கு முப்பது நாள் ஆகுமாம். கூடையில் இருந்த மீனுக்கு மதியம் வரைதான் அவகாசம்.

இணையம் சிக்கலானது, விதிகளை வல்லுநர்கள்தான் வகுக்க முடியும், மோசடிக்காரர்களையும் தடுத்தாக வேண்டுமே என்று பொறுமையாக விளக்கினேன். நான் படித்ததும் நம்பியதும் அதுதான். அக்கா கூடையை இறக்கி வைத்தார்.

"எங்க ஊர் பஞ்சாயத்துல, மீன் குஞ்சையும் வாருற சின்னக் கண்ணி வலை போடாதன்னு சொல்றதுக்கு முன்னாடி, போடறவனக் கூப்ட்டு உக்கார வச்சுக் கேப்பாங்க. குடிச்சிட்டு வந்து கத்துனாலும், கத்தி முடிக்கிற வரைக்கும் கேட்டுகினு இருப்பாங்க. அப்பறந்தான் தண்டம். இவனுங்க தண்டத்த மட்டும் போட்டுட்டானுங்க."

கடலுக்கடியில் இணையக் கேபிள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அக்காவைக் கேட்க வேண்டியதில்லைதான்... (கேட்டால் என்னைவிட நன்றாகவே சொல்வார்.) ஆனால் விதியின் அடி யார்மேல் விழுமோ, அவருக்கு விதி பிறக்கும்போதே ஒரு நாற்காலி வேண்டாமா? குடித்துவிட்டுக் கத்துபவனுக்குக் குப்பம் தருகிற மரியாதை, குடிக்காத நமக்கு இணையத்தில் இல்லையே!

அதே வாரம் இணைய விதிகள் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு ஓர் அரசு அறிவிப்பும் வந்திருந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம், முழுக்க ஆங்கிலம். நான் மொழிபெயர்த்து வாசிக்க, மூன்றாம் பக்கத்தில் அக்கா கொட்டாவி விட்டார். நான்காம் பக்கத்தில் நானும். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினோம். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று ஒரு நொடியில் பதில் வந்தது. ஒரு நொடியில் யார் படித்திருப்பார்?

வெள்ளிக்கிழமை கணக்கு தானாகத் திறந்துகொண்டது. மன்னிப்பில்லை, விளக்கமில்லை. எது தவறு, எது சரி என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இதற்கு நடுவே அந்தப் பச்சை உடம்புக்காரிக்கு, எண் தெரியாததால் வீட்டைத் தேடிப்போய் வேறொரு சுறாவைக் கொடுத்துவிட்டு வந்தார் அக்கா.

சனிக்கிழமை காலை அவர் போட்ட படத்தில் மீனே இல்லை. ஈரத் துண்டு போர்த்திய ஒரு கூடை, கூடவே ஒரு குரல் செய்தி: "உள்ள இன்னா கீதுன்னு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. வெளிய சொன்னா கேஸாயிடும்."