உடுப்புக் கொட்டகையின் கதவு

ஹால்வருக்கு உட்காரத் தெரியாது. அறுபது வயதாகியும் அந்த ஒரு வித்தை மட்டும் கைவரவில்லை. காபியை நின்றுகொண்டே குடிப்பார். ரொட்டியில் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடியே தின்பார். மீன்பிடிப் படகில் கொஞ்ச காலம், சாலை வேலையில் கொஞ்ச காலம், இரண்டு கல்யாணம். இரண்டாம் மனைவி கிளம்பும்போது, "உன்கூட வாழறது ரயில்வே ஸ்டேஷன்ல குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. உண்மைதானே!

அந்தக் கால்களுக்கு உலகத்தில் ஓரிடத்தில்தான் வேலை இருந்தது. வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவில், கிரோஃபியெல் நிலக்கரிச் சுரங்கத்தில். சுரங்கத்தை மூடிப் பல வருஷமாகிறது. ஆட்கள் போய்விட்டார்கள், கட்டடங்கள் நின்றன. அவற்றை இடிப்பதா விற்பதா என்று கம்பெனி யோசித்து முடிக்கும்வரை, குழாய்கள் உறைந்து வெடிக்காமல், ஜெனரேட்டர் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஹால்வர். இன்னொருத்தி யோருன், முன்பு இதே சுரங்கத்தில் லாரி ஓட்டியவள். ஐந்து வயது இளையவள், வாய் மட்டும் ஐம்பது மடங்கு.

ஹால்வர் ஜெனரேட்டரைப் பார்ப்பார், பம்பைப் பார்ப்பார், குழாய்களைத் தட்டிப் பார்ப்பார், மறுபடி ஜெனரேட்டருக்கே வருவார். ஊரில் இதைச் செய்தால் பைத்தியம் என்பார்கள். இங்கே சம்பளம் கொடுத்தார்கள். கடலுக்குத் தெற்கே ஹார்ஸ்டாட் நகரத்தில் அக்கா ஓஸ்தாவின் ஃபிளாட்டில் விடுமுறைக்குப் போனால் மூன்றாம் நாளே அவருக்கு மூச்சு முட்டும்.

அந்தச் சுரங்க வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அடுத்த குளிர்காலம் முதல் ஒரு ஆள் போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இருவரில் யார் என்பதை மேலாளர் ரூனார் முடிவு செய்வார்.

கூடவே இன்னொரு உத்தரவு. எல்லாக் கட்டடங்களையும் பூட்ட வேண்டும். யாரோ பனிவண்டியில் வந்து செம்புக் கம்பிகளை அறுத்துக்கொண்டு போனார்களாம், இன்ஷூரன்ஸ்காரர்கள் குதிக்கிறார்களாம்.

"பூட்டறதா?" என்றாள் யோருன். "இந்தத் தீவுல எவன்யா கதவைப் பூட்டுவான்? பனிக்கரடி துரத்தினா முதல்ல கெடைக்கற கதவுல நுழையணும். அதுக்குத்தானே எல்லாமே திறந்து கிடக்கு?"

"உத்தரவு உத்தரவுதான்."

"ஓகோ. கரடிகிட்டயும் அதைப் படிச்சுக் காட்டு."

ஹால்வருக்கு இந்த வேலை வேண்டும். பூட்டுகளை எண்ணெய் போட்டுத் தளர்த்தி, ஒவ்வொரு கட்டடமாகத் தானே பூட்டினார். யோருன் ஒரே ஒரு கதவை மட்டும் பூட்ட விடவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் உடுப்பு உலர்த்திய கொட்டகையின் கதவு அது. அவர் பூட்டிவிட்டு வருவார், அவள் போய்த் திறந்து வைப்பாள். கடைசியில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஒரே மேஜையில் உப்பு டப்பாவைக்கூடக் கேட்காமல் எட்டி எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ் ஆள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினான். கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். கொட்டகைக் கதவு இழுத்ததும் திறந்துகொண்டது. அன்றே ரூனாரிடமிருந்து செய்தி: வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிடுவேன், அந்தக் கதவுக்கு யார் பொறுப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும், அந்த ஆளுக்கு அடுத்த வருஷம் இல்லை.

ஹால்வர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். பொய்யும் இல்லை, கோளும் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். அப்படியானால் ஏன் அந்த வாரம் முழுக்க அவர் கால்கள் முன்னைவிட மோசமாக அலைந்தன? பம்பைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு மறுபடி பம்பைப் பார்க்கப் போனார். "தரை தேயுது," என்றாள் யோருன், சுவரைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில், கண்ணைக் குத்தும் மார்ச் மாத வெயில். கேண்டீன் ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகைக் கதவில் பூட்டு இல்லை. இன்றைக்குமா! பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு ஹால்வர் வெளியேறினார். கரடிக்காக வெளியே எப்போதும் கொண்டுபோகும் துப்பாக்கி கொக்கியிலேயே தொங்கியது. அந்த அளவுக்குக் கோபம்.

கொட்டகை கடைக்கோடியில் இருந்தது. போகிற வழியில் மற்றக் கதவுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். பட்டறை, பூட்டியிருந்தது. உதிரிபாகக் கிடங்கு, பூட்டியிருந்தது. பழைய அலுவலகமும் அப்படியே. தன் வேலை சுத்தம் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அலுவலகத்துக்குப் பின்னாலிருந்து கரடி வந்தது. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தது, சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பதைப் போல. ஹால்வர் பின்னால் திரும்பி ஓடினார். கிடங்கின் கைப்பிடியை இழுத்தார். பூட்டு. சாவிக்காகப் பையில் கையை விட்டபோதுதான் தெரிந்தது, சாவிக்கொத்து இன்னொரு சட்டையில். வாழ்நாளில் சாவி சுமந்து பழகாத கை அது. பட்டறைக் கதவை உதைத்தார், தோளால் மோதினார். அவரே எண்ணெய் போட்ட பூட்டு, அருமையாகப் பிடித்தது.

அதற்குள் கரடி சுற்றிவந்து கேண்டீனுக்குப் போகிற வழியை மறித்து நின்றது. ஹால்வர் கட்டடங்களின் பின்பக்கமாக, இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து, கடைக்கோடிக்கு ஓடினார். கொட்டகைக் கதவைத் தொட்டதும் திறந்தது. உள்ளே பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

வாசலில் பூட்ஸைக் கழற்றாமல் இந்தத் தீவில் எந்த வீட்டுக்குள்ளும் யாரும் போவதில்லை. நிலக்கரித் தூசிக் காலத்துப் பழக்கம். கதவை வெளியிலிருந்து கரடி பிறாண்டிக்கொண்டிருக்க, ஹால்வர் பூட்ஸை ஜோடியாகச் சேர்த்துச் சுவரோரம் வைத்தார்.

சற்று நேரத்தில் பெரிய லோடர் வண்டியின் ஹாரன் விடாமல் அலறியது. கரடியை விரட்டும் வெடிகள் வெடித்தன. பிறாண்டல் நின்றது. "செத்துட்டியா, இருக்கியா?" என்று யோருனின் குரல் கேட்டது. தாழ்ப்பாளைத் திறந்தார். துப்பாக்கியோடு நின்ற அவள் முகம் வெளுத்திருந்தது. பார்வை கீழே இறங்கியது.

"யோவ், பூட்ஸைக் கழட்டினியா?"

"ஆமா."

"கரடி வாசல்ல நிக்கும்போதா?"

"வீட்டுக்குள்ள வரலியா நான்?"

அவள் சிரித்த சிரிப்பில் பாதி அழுகை. அவரும் சிரித்தார்.

மதியம் ஃபோன் வந்தபோது இருவரும் கேண்டீனில் இருந்தார்கள். ஸ்பீக்கரில் ரூனாரின் குரல். "ஹால்வர், நேரா விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கதவைத் திறந்து விட்டது யாரு?"

யோருன் வாயைத் திறந்தாள். ஹால்வர் முந்திக்கொண்டார். "நான்தான்."

"நீங்களா? நான் வேற மாதிரி நினைச்சேன்."

"நான்தான். இனிமேலும் பூட்ட மாட்டேன்."

"அப்போ உங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது. புரியுதில்ல?"

"புரியுது." ஃபோனை வைத்தார்.

"உன்னை யாருய்யா கேட்டது?" யோருன் மேஜையில் ஓங்கி அடித்தாள். "என் கதவு அது. என் வாயாலேயே சொல்லியிருப்பேன்."

"சொன்னா? உன்னை அனுப்பிட்டு என்னை வெச்சுக்குவான். என் வயசுக்கு எத்தனை வருஷம்? அப்புறம் தெற்கேயிருந்து எவனாவது ஒரு பையன் வருவான். சொன்னதுக்கு மேல ரெண்டு பூட்டு சேர்த்துப் போடுவான். நீ இருந்தா பூட்ட மாட்டே."

"அந்த இன்ஷூரன்ஸ்காரன் திரும்ப வந்தா?"

"ஹெலிகாப்டர் சத்தம் முன்னாடியே கேக்குமே. அப்போ ஓடிப்போய்ப் பூட்டு. அவன் போனதும் திற."

யோருன் அவரையே பார்த்தாள். "இது திங்கக்கிழமை ஏன் நமக்குத் தோணலே?"

"திங்கக்கிழமை நாம பேசிக்கலியே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காபி ஊற்றப் போனாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஹால்வர் ஹார்ஸ்டாடில் இருந்தார். ஒரு சனிக்கிழமை. ஓஸ்தா வழக்கம்போல அரிசிக் கஞ்சி காய்ச்சி, வெண்ணெயும் பட்டைப் பொடியும் போட்டு வைத்திருந்தாள். தம்பி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"கஞ்சி ஆறுது. உக்காந்து தொலை."

ஃபோன் அடித்தது. யோருன்.

"எல்லாம் திறந்திருக்கா?" என்றார் ஹால்வர், நலம்கூட விசாரிக்காமல்.

"பட்டறை, கிடங்கு, எல்லாமே. இந்த வருஷம் நான் வந்த அன்னிக்கே திறந்துட்டேன். நேத்து பனிப்புயல்ல ரெண்டு பேர் வண்டி பழுதாகி உள்ள வந்து படுத்திருந்தாங்க. காலைலதான் எனக்கே தெரியும்."

"பூட்ஸைக் கழட்டினாங்களா?"

"வாசல்ல ஜோடியா இருந்துது."

ஃபோனை வைத்துவிட்டு ஹால்வர் வாசலுக்குப் போய் ஃபிளாட்டின் பூட்டைத் திறந்து விட்டார்.

"என்னடா பண்றே? திருடன் வருவான்!"

"யாராவது ஓடி வந்தா?"

"ஹார்ஸ்டாட்ல கரடி ஏதுடா?"

"இல்லைதான்," என்றார். பூட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன கஞ்சியைச் சாப்பிட ஆரம்பித்தார்.