அரிசி அறைச் சாவி

அன்று சமையலறையில் இருந்தது மூன்று பேர்: ஜப்பானியத் தலைமைச் சமையற்காரர், மரக்கறி வெட்டும் அக்கா, கோப்பை கழுவும் நான். டுசல்டோர்ஃப் உணவகத்தில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது.

தலைமைச் சமையற்காரரான பெரியவர் இளமையில் தொல்லியல் படித்து, மண் தோண்டி, பிறகு கத்தி பிடித்தவர். மறுநாள் விடுமுறையில் ஊருக்குப் போவதால் அரிசி அறைச் சாவியை என்னிடம் தந்துவிட்டுச் சிரித்தார். அவருடைய நாட்டில் ஆதியில் புதைகுழிகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லையாம். நெல் விளைந்து, உயரக் கால்கள் வைத்துக் களஞ்சியம் கட்டிய பிறகுதான், ஒருவனுடைய குழியில் வெண்கலக் கண்ணாடியும் வாளும், பக்கத்துக் குழியில் வெறும் மண்ணும் கிடைக்கிறதாம்.

"களஞ்சியம் எவன் கையிலோ, அவன் தலைவன்," என்றார் ஜெர்மனில்.

"கேட்டியளோ அக்கா?" என்றேன்.

"ஓம் ராசா. உங்களைப் புதைக்கேக்க கழுவின கோப்பையளையும் சேத்து வைக்கிறம்."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் பதவி தாங்கவில்லை. தொலைத்தால் வேலை போய்விடும் என்று சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை. அக்காவுக்கு அரிசியை நிறுத்தே கொடுத்தேன்.

"ராசா, ஒரு மணி அரிசி கூடிப்போச்சு, எடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை கெல்சென்கிர்ச்சன் நகரத் தேவாலயத்தில் என் மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். என் வேலையையும் அக்காவே ஏற்றுக்கொண்டார். பூசையில் மகள் வரிசையில் போகும்போது நெஞ்சில் கை வைத்தேன். சட்டைக்குள் சாவி! வெளியே ஓடிப்போய் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அக்கா, சாவி என்னட்டை!"

"தெரியும். கதவைக் கும்பிட்டும் பாத்தன், திறக்கேல்லை. என்ரை காசிலை அரிசி கடையிலை வாங்கியாச்சு. போய்ப் பிள்ளைக்குப் பக்கத்திலை நில்லுங்கோ."

"பெரியவருக்குத் தெரிஞ்சால் என்னை நிப்பாட்டிப் போடுவார்."

"நான் வாய் திறந்தால்தானே தெரியும்?"

திங்கட்கிழமை அரிசிப் பணத்தை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"இப்ப என்ன அவசரம் தம்பி? வெங்காயத்தை உரிச்சுத் தாங்கோ."

உரித்தேன். விடுமுறை முடிந்து பெரியவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வெங்காயம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. குப்பை கொட்டுவதும், அக்காவின் தேநீருக்குச் சீனி போடுவதும் பிறகு வந்து சேர்ந்தன. அவ்வப்போது பணத்தை நீட்டுவேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விடுவார். களஞ்சியமே இல்லாமலும் தலைமைக்கு வரலாம் என்று பெரியவரிடம் சொல்ல ஆசைதான். சொன்னால் சாவிக் கதையும் வெளியே வந்துவிடும்.

அக்காவுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது முப்பத்தெட்டு யூரோ.