ஐந்தின் மேல் ஒரு புள்ளி

சுந்தரம்மாவுக்கு எட்டு வயதில் அம்மை போட்டது. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வேப்பிலை கட்டினார்கள், விளக்கு வைத்தார்கள். கண்ணில் சீழ் பிடித்த பிறகு அவருடைய அப்பா தோட்டத்து லொறியைக் கேட்டு மூன்று நாள் அலைந்தார். லொறி கொழுந்து ஏற்றுவதற்கு என்று பதில் வந்தது. நான்காம் நாள் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு கண்ணும் போயிருந்தன. அம்மாள் கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று லயம் முடிவு செய்துவிட்டது. சுந்தரம்மா இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

"அம்மாள் எடுக்கலைங்க. லொறி குடுக்கல" என்பார்.

இப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. பரிதாபப்படுகிறவர்கள் ஒரு தடவை அவரோடு பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு இறங்குவார்கள். வார நாட்களில் மாத்தளையில் ஒரு கம்பெனியில் தொலைபேசி எடுக்கிறார். சனிக்கிழமைகளில் தம்புள்ளை மரக்கறிச் சந்தையின் வாசலில் மேசை போட்டு, கண் சங்கத்துக்கு நன்கொடை சேர்க்கிறார். கண்ணில் பூ விழுந்த தோட்டத்து ஆட்களை வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதுதான் சங்கத்தின் வேலை. லொறி இல்லாத குறையை இந்தப் பெண் வேன் வைத்துத் தீர்க்கிறார். பதினோரு வருடமாக அந்த மேசை அவருடையது. நோட்டின் நீளத்தை விரலால் பார்த்தே என்ன நோட்டு என்று சொல்லிவிடுவார்.

ஆனால் போன வருடம் நன்கொடைப் பெட்டி இளைத்துவிட்டது. வியாபாரிகள் நல்ல மனதோடு நின்று, "கையில காசு இல்லக்கா, கார்ட்தான் இருக்கு" என்று போனார்கள். அதனால் ஒரு கார்ட் மெஷின் எடுப்பது என்று சங்கம் தீர்மானித்தது.

தலைவர் மகாலிங்கம் கச்சேரி என்கிற மாவட்ட அரசு அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையானவர், புதுச் சாமான் என்றால் மயங்குகிறவர். பொருளாளர் பதுர்தீன் கராம்பும் மிளகும் வாங்கி விற்பவர். இவர்கள் முன்னால் வங்கியிலிருந்து வந்த அம்ஹர் ஒரு மெஷினை எடுத்து வைத்தார். முழுக்கக் கண்ணாடி, பெரிய போன் மாதிரி பளபளத்தது.

"இதுதான் சரி" என்றார் மகாலிங்கம், தொட்டும் பார்க்காமல்.

சுந்தரம்மா தொட்டுப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை தடவினார். "வழுவழுன்னு இருக்கே சேர். எங்க அமுக்கிறது?"

"நீர் அமுக்கத் தேவையில்லைப் பிள்ளை. கண் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில நிண்டு செய்யட்டும். நீர் சும்மா இருந்தாப் போதும்."

கண் தெரியாதவர்களின் வேலையைப் பிடுங்குகிறவர்கள் யாரும் திட்டிப் பிடுங்குவதில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள். அந்த மெஷினைச் செய்தவனும் கெட்டவனாக இருக்க மாட்டான். விரலால் பார்க்கிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சுந்தரம்மாவின் மேசையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"சும்மா இருக்கிறதுக்கு எதுக்கு சேர் தம்புள்ளைக்குப் போகணும்? வீட்டுலயே சும்மா இருப்பேனே. பஸ் காசு மிச்சம்" என்றவர், அம்ஹர் பக்கம் திரும்பினார். "தம்பி, பட்டன் வச்சது இல்லியா?"

அம்ஹர் தயங்கித் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். தடித்த, அழகில்லாத பழைய மெஷின். "இத இப்ப யாரும் கேக்கிறதில்ல, அக்கா."

சுந்தரம்மாவின் விரல் எண்களின் மேல் ஓடி நடுவில் நின்றது. ஐந்தின் மேல் கடுகளவு ஒரு புள்ளி புடைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் மேலே இரண்டு, கீழே எட்டு, பக்கத்தில் நாலும் ஆறும். கீழ் வரிசையில் பச்சைப் பொத்தானில் ஒரு வட்டம், சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, இரண்டும் விரலுக்குத் தெரிந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டையும் செஞ்சி பாப்பமே" என்று பதுர்தீன் தன் கார்டைக் கொடுத்தார். "நூறு ரூபா. நூறுதான், விளங்கிச்சா?"

மகாலிங்கம் கண்ணாடி மெஷினில் நூறு அடித்தார். முப்பத்திரண்டு வருடம் கச்சேரியில் ரூபாய்க்குப் பின்னால் சதக்கணக்கை எழுதாமல் ஒரு தொகையும் எழுதாத கை அது. பின்னால் இரண்டு பூச்சியத்தையும் சேர்த்து அடித்தது. பதுர்தீன் பாராமல் இரகசிய எண்ணைக் கொடுத்தார். உடனே அவருடைய போன் கிணுங்கியது.

"பத்தாயிரமா? சேர், என்ன செஞ்சீங்க?"

"சதம் போட்டனான்..."

அம்ஹர் திருப்பித் தரலாம் என்றார். பதுர்தீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "விடுங்க. அல்லாஹ்வுக்காகக் குடுத்ததா இருக்கட்டும். ஆனா சேர் இனி இதத் தொடப்படாது."

அடுத்தது சுந்தரம்மாவின் முறை. அம்ஹரிடம் இந்த மெஷினுக்குச் சதம் உண்டா இல்லையா என்று முதலில் கேட்டார்; பிறகுதான் அடித்தார். "என்ன தெரியுது, பதுர்தீன் நானா?"

"நூறு" என்றார் பதுர்தீன், இரண்டு தடவை பார்த்துவிட்டு.

பணம் சேர்ந்தால் நீளச் சீட்டு வரும், மறுக்கப்பட்டால் குட்டைச் சீட்டு. நோட்டை அளக்கிற விரலுக்கு அதுவும் ஒரு வேலையா?

ஆனாலும் மகாலிங்கம் இலேசில் விடவில்லை. பட்டன் மெஷினை எடுக்கலாம் என்றும், நாலு சனிக்கிழமை தான் பக்கத்தில் இருந்து பார்ப்பதாகவும், ஒரு தொகை பிழையாகப் போனாலும் கண்ணாடி மெஷினும் வேறு ஆளும் வரும் என்றும் சொன்னார். பத்தாயிரம் போன வலி ஆறாத பதுர்தீன் மட்டும் முணுமுணுத்தார்: "பிழை விட்டது யாரு, சோதன யாருக்கு?"

முதல் சனிக்கிழமை. லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டு நுழைய, மகாலிங்கம் நாற்காலியைச் சுந்தரம்மாவின் தோளோடு ஒட்டிப் போட்டிருந்தார். பதினாறு பேர் கார்ட் தந்தார்கள். ஒவ்வொருவரும் திரையைப் பார்த்துத் தொகையை வாய்விட்டுப் படித்தார்கள். பதினேழாவதாக வந்தவர் வெங்காய மொத்த வியாபாரி ஜெயக்காந்தன். சந்தையில் அவருடைய கேலி வாய்க்கு எல்லாரும் பயம்.

"ஐநூறு போடுங்கக்கா."

சுந்தரம்மா அடித்தார். "படிங்க அண்ணே."

"ஐயாயிரம்னு இருக்கே."

மகாலிங்கம் துள்ளி எழுந்து மெஷினைப் பிடிக்கக் கையை நீட்டினார். சுந்தரம்மா அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் அடிச்சது ஐநூறு, எனக்குத் தெரியும். சரிண்ணே, ஐயாயிரம்னே இருக்கட்டும்." சிவப்பை அமுக்கி அழித்துவிட்டு நிதானமாக மறுபடி அடித்தார். "இப்ப படிங்க."

ஜெயக்காந்தன் குனிந்து பார்த்தார். சுற்றி நின்றவர்கள் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஐயாயிரம்" என்றார், குரல் இறங்கி.

"வேணாம்னா சிவப்ப அமுக்குறேன். கோவம் இல்ல."

"அமுக்காதீங்க" என்று அவரும் சிரித்துவிட்டு இரகசிய எண்ணைக் கொடுத்தார். "ஒங்ககிட்ட வாயக் குடுத்தது என் பிழ."

நீளச் சீட்டு வந்தது. சுந்தரம்மா அதைக் கிழித்து, இரண்டு விரலுக்கிடையில் ஓட்டிப் பார்த்து, அவர் கையில் வைத்தார்.

மகாலிங்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த பையை உதறினார்.

"பிள்ளை, வீட்டில கத்தரிக்காய் கேட்டவை. நான் உள்ள போய் வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் எடுக்கிறன்."

"நாலு சனிக்கிழமைன்னு சொன்னீங்களே, சேர்?"

"சொன்னனான்தான்" என்றார் அவர். "நீர் உம்மட வேலையைப் பாரும்."

அவர் விட்டுப்போன நாற்காலியில் கரட் மூட்டை இறக்கிக் களைத்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆள் கார்டை நீட்டினார்.